உரிந்து வந்த மூன்று கீற்றுகள்

அரங்கின் நடுநாயகமாய், அகன்ற நாற்காலியில் அமர்ந்து, என் பேச்சை இப்போதே கண்மூடிச் சிந்திக்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே! தலையாட்டிக்கொண்டிருக்கும் பெரியோர்களே! 'இவன் எப்போது முடிப்பான்' என்று கடிகாரம் பார்க்கும் தாய்மார்களே! வணக்கம்.

நம் ஆலையின் சாதனைகளைச் சொல்லச் சொன்னார்கள். நான் ஒரு சோதனையைச் சொல்கிறேன்.

பேட்டரிக்குள் இரு துருவங்களும் ஒன்றையொன்று தொடாமல் தடுப்பது எது? நாம் செய்யும் சவ்வு! மயிரிழையினும் மெல்லிய பிளாஸ்டிக், மேலே பூசிய பீங்கான் தூள். அந்தத் தூள் உதிர்ந்தால் சூட்டில் சவ்வு சுருங்கும், துருவங்கள் தொடும், தீப்பற்றும்!

சோதனை அறையில் இருப்பவர் என் உடன்பிறந்த அக்கா. சிரிக்காதீர்கள், சிபாரிசில் வந்தவன் நான்தான்.

ஒரு நாள் புதுச் சுருளிலிருந்து கீற்றுகள் வெட்டி, எந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்தார். வலிமையில் குறையில்லை. அடுத்துப் பத்துக் கீற்றுகளில் ஒட்டுநாடாவை அழுத்தி, ஒரே சீராக உரித்தார். ஏழில் தூள் அசையவில்லை. மூன்றில், முகத்துப் பவுடர் போல மொத்தமாய் நாடாவோடு வந்துவிட்டது.

மறுநாள் சரக்கு போக வேண்டும். உற்பத்தி மேலாளரான நான் பதறினேனா? இல்லை! பத்துக்கும் சராசரி போட்டால் தேறிவிடும் என்று அறிவுரை வழங்கினேன்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேட்டரிக்குச் சராசரி தெரியாதுடா தம்பி. எங்க ஒட்டலையோ, அங்கதான் பத்திக்கும்."

தலைவரிடம் கோள் சொன்னேன். கோபமாக வந்தவர், தானே ஒரு கீற்றை உரித்துப் பார்த்தார். கறுப்புக் கோட்டு வெள்ளையானது. ஆமாம் ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன், விழித்துக்கொண்டதற்கு நன்றி. சரக்கு அன்றே நின்றது.

தூள் உரிந்த மூன்றும் சுருளின் இடது ஓரத்துக் கீற்றுகள். உலர்த்தும் அடுப்பில் இடப்பக்க ஹீட்டர் பழுது. அந்தப் பக்கம் தூளைப் பிடித்துவைக்கும் பசை காயவே இல்லை. பழுதென்று தெரிந்தும் 'அப்படியே ஓட்டலாம்' என்று கையெழுத்துப் போட்ட மேதை யார்? அடியேன்!

அக்கா அறிக்கையில் அதையும் எழுதினார். பதினெட்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. பத்தொன்பதாம் நாள், என் மகள் தன் மின்சார ஸ்கூட்டரைப் படுக்கையறைச் சுவரோரம் சார்ஜில் போட்டாள். அதன் பேட்டரிக்குள் இருப்பது நம் சவ்வு. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

மறுநாள் காலை அக்காவின் அறைக்குப் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கத்தரியை நீட்டினார்.

"வெட்டு. ஓரத்தை விட்டுடாதே."

வெட்டினேன், தோழர்களே! வலிமை எது? வளைந்து கொடுப்பதா? இழுத்தால் தாங்குவதா? தம்பியின் பெயரையும் தயங்காமல் எழுதியதே, அது வலிமை!

அக்கா இன்று இங்கே இல்லை. மதியம் ஒரு சுருள் வந்திருக்கிறது. அதன் சோதனை முடியாமல் நகரமாட்டார். அவருக்கும், இவ்வளவு நேரம் எழுந்து போகாத உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்!