ஐந்தாவது ஃபிளாஷ்

உள்ளரங்கில் கூடைப்பந்தைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூரை விளக்கை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. முகமெல்லாம் மஞ்சள் பூத்துவிடும். கை எது, பந்து எது என்றே தெரியாது. அதனால் நான் வெளிச்சத்தைக் கேமராவின் மேல் வைத்துக்கொள்வதில்லை. அரங்கின் மேல்தளக் கம்பியில், மூலைக்கு ஒன்றாக நான்கு ஃபிளாஷ்களைக் கட்டிவிடுவேன். நான் கீழே பொத்தானை அழுத்தினால் அவை மேலே மின்னும். எப்போதும் கால் பங்கு சக்திதான். ஆடுகிறவர் கண்ணுக்கு நேராக வைக்கக் கூடாது. பதினாறு வருடத்தில் என்மேல் ஒரு புகார் வந்ததில்லை. நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

நான் படம் எடுக்கும் கல்லூரி அணியில் என் மகளும் இருக்கிறாள். இருக்கிறாள் என்றால், பெஞ்சில். மூன்று வருடமாக. அவள் இடத்தில் ஆடியவள் கொக்கு. உயரத்தால் வந்த பட்டப்பெயர். அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். எங்கள் வீட்டுக்கு வந்தால், அலமாரியின் மேல்தட்டில் இருப்பதையெல்லாம் என் மனைவிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது மகளிடம் கேட்டேன்.

"கோச்கிட்ட நான் பேசிப் பாக்கட்டுமா?"

"எதுக்குப்பா? எனக்கு பெஞ்சே போதும். கொக்கு ஆடுறத பக்கத்துல உக்காந்து பாக்குறதே ஜாலியா இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உள்ளுக்குள் எவ்வளவு வெந்திருந்தால் பிள்ளை இப்படிச் சிரிக்கும் என்று பெற்றவனுக்குத் தெரியாதா?

நான் அவசரப்படவில்லை. ஐந்தாவதாக ஒரு சின்ன ஃபிளாஷைக் கூடையின் கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் உள்ள இரும்புத் தாங்கியில் கட்டினேன். கூடையை நோக்கித் தாவுகிறவர் அந்தப் பக்கம் பார்த்தே ஆக வேண்டும். அதற்கான பொத்தான் தனியாக என் சட்டைப் பையில் இருந்தது. முதல் ஆட்டத்தில் கால் பங்கு வைத்தேன். கொக்கு கண்ணைச் சிமிட்டினாள், ஆனாலும் பந்து உள்ளே போய்விட்டது. அடுத்த ஆட்டத்தில் அரைப் பங்கு. பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. இறங்கும்போது அவள் கால் சற்றுத் தடுமாறியது. நான்கு மின்னும்போது கூடவே ஒன்று மின்னினால் யார் எண்ணப் போகிறார்கள்?

ஆட்டம் முடிந்ததும் கொக்கு என்னைத் தேடி வந்தாள்.

"அங்கிள், இன்னைக்கு லைட் கொஞ்சம் கண்ணுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. எனக்கு மட்டும்தானோ என்னவோ."

"பாத்து மாத்திடுறேம்மா."

மாற்றினேன். முழுச் சக்திக்கு.

அரையிறுதியில் ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. கொக்கு பந்தோடு ஓடி வந்து தாவினாள். இரண்டு காலும் தரையை விட்டு எழும்வரை காத்திருந்தேன். முன்பே அழுத்தியிருந்தால் நின்றிருப்பாள், பயனில்லை. கண் தெரியாமல் இறங்கியவள் எதிரணிப் பெண்ணின் பாதத்தின்மேல் இறங்கினாள். முழங்கால் எந்தப் பக்கம் மடங்காதோ அந்தப் பக்கம் மடங்கியது. அந்தச் சத்தம் நான் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது. ஒரு சுளுக்கு, இரண்டு வாரம் ஓய்வு என்பதுதான் என் கணக்கு. அதற்குமேல் நடந்தது என் கையில் இல்லை. படம் நன்றாக வந்திருக்கிறது. நீங்களும் பார்த்தீர்கள்.

கோச் என் மகளை இறக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆறு நிமிடமும் ஆடினாள். பந்து வந்தால் கூடையைப் பார்க்காமலே அடுத்தவளிடம் தள்ளிவிட்டாள். விட்டுக்கொடுக்கிற குணம், என்னைப் போல.

சாமான்களைக் கழற்ற அவள் எனக்கு உதவுவது வழக்கம். அன்றும் ஏணியில் ஏறினாள். தாங்கிக்குப் பின்னால் கையை விட்டவள் அப்படியே நின்றாள்.

"இது எதுக்குப்பா இங்க?"

"சும்மா, ஒரு ஆங்கிளுக்கு."

"பவர் ஃபுல்ல இருக்கு."

"கை பட்டுத் திரும்பியிருக்கும்."

அதைத் தன் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, என்னை விட்டுவிட்டுத் தனியாக வெளியே போனாள். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

ஆகவே மறைக்க ஒன்றுமில்லை. கட்டியது நான், அழுத்தியதும் நான். தனக்கு ஆட ஆசையே இருந்ததில்லை, அப்பா மனசு கஷ்டப்படுமே என்றுதான் அணியில் சேர்ந்ததாக அவள் எழுதிக் கொடுத்திருப்பதைக் காட்டினீர்கள். கோபத்தில் பிள்ளைகள் எதையாவது எழுதும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொக்கு இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அடுத்த சீசனுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. நான் செய்ததை மனதில் வைத்து அந்த இடத்தை என் மகளுக்குக் கொடுக்காமல் விட்டுவிட வேண்டாம் என்று, கோச்சிடம் நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.