தோற்கடிக்க நினைத்தவருக்காகத் தொழுத கரங்கள்

அருளும் அறிவும் நிறைந்த அவைத் தலைவர் அவர்களே! எங்கள் குறைகளை அறிந்தும் எங்களை விட்டு விலகாத ஆயர் ஐயா அவர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூப்பர்களே! பிள்ளையை மடியிலும் பிரார்த்தனையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் கதவோரம் நிற்கும் தம்பி தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் ஆண்டவரின் அன்பில் என் வணக்கம்.

ஆள்வோருக்காக ஜெபிப்பது கிறிஸ்தவரின் கடமை. இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. அதோ, கடமை என்றதும் ஓர் ஐயா கொட்டாவி விடுகிறார்! பொறுங்கள் ஐயா, நான் கொண்டுவந்திருப்பது ஒரு சண்டைக்காரரின் கதை. அந்தச் சண்டைக்காரர் என் கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஊரே அவரைப் 'பொறி' என்றுதான் கூப்பிடும். பட்டறையில் பறக்கும் பொறியைவிட அவர் பேச்சில் பறக்கும் பொறி அதிகம். நகர்மன்றத் தேர்தலில், இப்போது தலைவியாக இருக்கும் அம்மையாருக்கு எதிராகத் தெருத்தெருவாகப் பேசினார். தொண்டை கட்டப் பேசினார். கடைசியில் அவர் அணி தோற்றது; வாடிப்போய் வீட்டுக்கு வந்தார். அந்த வாரம் ஆயர் அவரைத்தான் கூப்பிட்டார், நகரத்தை ஆள்பவர்களுக்காக ஜெபிக்க!

"ஐயா, நோயாளிங்களுக்காகப் பண்றேன், மழைக்காகப் பண்றேன். அந்தம்மா பேரைச் சொல்ல என் நாக்கு வளையாது."

"பிடிச்சவங்களுக்காக யாரு வேணா ஜெபம் பண்ணுவாங்கப்பா. உனக்குப் பிடிக்கலன்னுதான் உன்கிட்ட குடுக்குறேன்."

அண்ணன் எழுந்து நின்றார். வேர்த்துக் கொட்டியது. "ஆண்டவரே, அந்தம்மாவுக்கு எது சரின்னு காட்டுங்க. காட்டினதைச் செய்யத் துணிச்சல் குடுங்க. ஆமென்." அவ்வளவுதான்! ஆனால், தொட்டதை விடாத மனிதர் அவர். அன்றிலிருந்து வாராவாரம் அதே ஜெபம்.

இரண்டு மாதம் போயிற்று. பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி எட்டு இரும்புக் கால்களில் புதிய தண்ணீர்த் தொட்டி எழுந்தது. திறப்பு விழாவுக்கு ஒன்பதே நாள். அந்த வழியாகப் போன அண்ணன் நின்றுவிட்டார். புதுப் பெயின்டுக்குள்ளிருந்து துருக்கோடு ஒன்று எட்டிப் பார்த்தது. விரல் முட்டியால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். வெல்டிங் உள்ளே பிடிக்கவே இல்லை, மேலே பூசியிருக்கிறார்கள்!

தன் அணிக் கூட்டாளிகளிடம் சொன்னார். அவர்களுக்கோ ஒரே கொண்டாட்டம். "வாயைத் திறக்காதண்ணே! தொட்டி சாயட்டும், அந்தம்மா மானம் போகட்டும். அடுத்த தேர்தல் நம்ம கையில!"

அன்று மதியம் அண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "என்னண்ணே?" என்றேன்.

"அந்தம்மாவுக்குச் சரியானதைக் காட்டுங்கன்னு ரெண்டு மாசமா கேட்டுட்டு இருக்கேன் பாப்பா. இப்போ காட்ட வேண்டியது என் கையில வந்து நிக்குது. மறைச்சா நான் யாரை ஏமாத்துறேன்?"

தட்டை நகர்த்திவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு, நேராக நகர்மன்ற அலுவலகம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

தலைவி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எனக்கு எதிரா ஊரெல்லாம் பேசினவர்தானே? இப்போ விழாவை நிறுத்த வந்தீங்களா?"

"ஆமாம்மா, பேசினேன். இனிமேலும் பேசுவேன். ஆனா வாராவாரம் உங்களுக்காக ஜெபமும் பண்றேன். தயவுசெஞ்சு அந்தத் தொட்டியில தண்ணி ஏத்தாதீங்க. வாங்க, காட்டுறேன்."

அந்த அம்மையார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

தொட்டியடியில் அண்ணன் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பெயின்டோடு சேர்ந்து பற்றவைப்பும் பொலபொலவென்று உதிர்ந்தது. "பெயின்ட்தாம்மா உதிருது" என்று, தொட்டியைக் கட்டிய கான்ட்ராக்டர் இழுத்தார். தலைவி அவரைப் பார்க்கவில்லை. தொட்டி நிழலில் ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகளைப் பார்த்தார். "விழா கிடையாது. முதல்ல பிள்ளைங்களை அங்கேயிருந்து கூட்டிட்டுப் போங்க."

சோதித்துப் பார்த்தார்கள். எட்டுக் கால்களில் ஐந்தில் பிடிப்பே இல்லை! தலைவி ஊர்க்கூட்டம் கூட்டினார். "தப்பு நடந்திருக்கு. நான் கவனிக்காம விட்டுட்டேன். சொன்னவர் எனக்கு ஓட்டுப் போடாதவர்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். தொட்டியைப் பிரித்து மறுபடி கட்ட ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை!

என்னம்மா கேட்கிறீர்கள்? அடுத்த தேர்தலில் அண்ணன் அணி மாறினாரா? அவராவது மாறுவதாவது! மறுபடியும் எதிர்த்துப் பேசினார், மறுபடியும் தோற்றார். அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே எழுந்து ஜெபித்தார்.

சபையோரே! ஜெபம் என்றால் காலில் விழுவதா? கைகட்டி நிற்பதா? ஆள்பவர் செய்வதற்கெல்லாம் ஆமாம் போடுவதா? ஆண்டவர் முன்னால் ஒருவருக்காக முழங்கால் போட்டுப் பாருங்கள். அவரை வெறுக்க முடியாது. அவருக்குப் பயப்படவும் முடியாது. அவர் அழியட்டும் என்று வேடிக்கை பார்க்கவே முடியாது! வாழ்த்தவும் தெரிந்த மக்கள் நாம். வாசலில் போய் நின்று தவறு என்று சொல்லவும் தெரிந்த மக்கள் நாம். இந்தப் பெருமையைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டுக்குப் போனதும், உங்களுக்குச் சற்றும் பிடிக்காத ஒரு தலைவரின் பெயரைச் சத்தமாகச் சொல்லி ஜெபியுங்கள். நாக்கு வளையாவிட்டால் என்னிடம் வாருங்கள், அண்ணனிடம் அனுப்பி வைக்கிறேன்!

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கும், பேச இடம் தந்த பெரியோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் இல்லங்களிலும், நம்மை ஆள்வோர் இல்லங்களிலும் ஆண்டவரின் சமாதானம் தங்குவதாக. வணக்கம்!