நிறுத்தியவனுக்கு வாசல் திறவுங்கள்

அளவில்லாத அருளாளனைப் புகழ்ந்து என் வாயைத் திறக்கிறேன்.

தலைமைக் கதிரையில் தொப்பி சரியாமல் வீற்றிருக்கும் நெசவு மண்டபத் தலைவர் ஸைனுலாப்தீன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மௌலவிமார்களே! மருதமுனை மண்ணின் மூத்தோரே! வெயில் தணியுமுன் கல்முனையிலிருந்து நடந்து வந்த தாய்மாரே! தறியில் கைவைத்துத் தரணிக்குத் துணி தந்த பெண்மக்களே! பந்தல் ஓரத்தில் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் கூட்டாளி இராசாத்தியே! ஏன் நிற்கிறாய் புள்ள? உனக்கு முன்வரிசையில் இடம் பிடித்துவைக்கச் சொன்னேனே. வா, வந்து இரு. உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும்.

பின்னேரத்து அஸர் தொழுது முடிந்த நேரம். கடல் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது. இந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு சொல் நன்றி சென்னாப் போதும் பெரியும்மா" என்றார்கள். மண்டபத்துக்குப் புது ஜெனரேட்டர் வந்திருக்கிறது. தந்தவர்களுக்கு நன்றி. சொல்லிவிட்டேன்! இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு என்னைத் தெரியும்.

நான் காணாத கடல் ஒன்று உண்டு. காணாவிட்டாலும் அது என் கண்ணுக்குள் அலையடிக்கிறது. குளிர்ந்த கடல், சாம்பல் நிறக் கடல், கரையெல்லாம் பனி பூத்த கடல். அந்தக் கரையில், வெளிநாட்டு மண்ணில், ஓர் அணுமின் நிலையம் நிற்கிறது. அங்கே அணுவின் சூட்டில் தண்ணீர் கொதிக்கிறது. கொதித்த ஆவி பெருஞ்சில்லைச் சுழற்றுகிறது. சில்லோடு சுழலும் ஜெனரேட்டர் ஒரு நகரத்துக்கே வெளிச்சம் வார்க்கிறது. அந்த வெளிச்சத்துக்குக் காவலிருந்தவன் யார்? என் தங்கை சுஹறாவின் மகன் மீராசா! இந்த ஊர் மணலில் உருண்ட பிள்ளை!

போன மாரியில் ஒரு பகல், அந்த ஜெனரேட்டரின் வோல்டேஜ் ஆடத் தொடங்கியது. ஏறியது. இறங்கியது. ஆடிய ஊஞ்சல் அடங்காததுபோல் மறுபடி ஏறியது. மேலே இருந்தவர்கள் சொன்னார்கள்: பொறு, தானாக அடங்கும். வெளியே பனி கொட்டுகிறது, நகரம் முழுக்கக் கணப்பு எரிகிறது, இந்த நேரத்தில் நிறுத்தினால் நட்டம், அவமானம், ஆயிரம் கேள்வி. மீராசா பொறுத்தான். இன்னும் ஆடியது. இன்னும் பொறுத்தான். பிறகு கையை நீட்டி நிலையத்தையே நிறுத்திவிட்டான்.

"என்னத்துக்கு மனே அவ்வளவு அவசரம்?" என்று போனில் கேட்டேன்.

"பெரியும்மா, சோத்துப் பானைய எறக்கி வெச்சாலும் சூடு நிக்கிறல்லயே. அணு உலையும் அப்பிடித்தான். அணைச்சி நூத்த பொறகும் சுட்டுக்கிட்டே இரிக்கும். அதக் குளிர வெக்கிற தண்ணிப் பம்பியெல்லாம் கரண்டிலதான் ஓடுது. கரண்டே ஆடினா என்னத்த நம்புற? பம்பி பழுதாகு முன்னமே நிப்பாட்டிறணும்."

எனக்கு விளங்கியது. அடுப்படியில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் விளங்கும்.

ஆனால் அவனுடைய கம்பெனி அதற்கு வைத்த பெயர், திட்டத்தில் இல்லாத நிறுத்தம். விசாரணை வைத்து, அது முடியும்வரை வேலைக்கு வராதே என்று ஊருக்கு அனுப்பிவிட்டது. விசாரணை இன்னும் முடியவில்லை. அவன் செய்தது சரியென்று தீருமா, பிழையென்று தீருமா, அதை அல்லாஹ்தான் அறிவான்.

ஊருக்கு வந்த பிள்ளையை ஊர் எப்படி வரவேற்றது? தேத்தண்ணிக் கடை வாசலில் ஒரு குரல்: "ஆ, வாறார் வெளக்கு நூத்த இஞ்சினியர்!" சந்தையில் இன்னொரு குரல்: "வெள்ளக்காரன்ட ஊரையே இருட்டாக்கிப்போட்டு ஓடி வந்திரிக்கான் கா!" சொன்னவர்களின் பெயர் எனக்குத் தெரியும். சொன்ன இடம் தெரியும். அன்று உடுத்திருந்த சாரனின் கரைகூடத் தெரியும். பின்வரிசையில் குனிகிறவரே, குனிய வேண்டாம், உங்கள் பெயரை இன்று சொல்ல மாட்டேன்!

அதைவிடப் பெரியது ஒன்று. எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவான். பெண்ணுக்கு வீடு கட்டி, வாசல் திறந்து, மாப்பிள்ளையைக் கைபிடித்து உள்ளே அழைப்பது பெண்ணின் வாப்பா. தலைவர் ஸைனுலாப்தீன் தன் மகள் நதீராவுக்கு மீராசாவைப் பேசினார். வீட்டைக் கட்டினார். கடல்காற்று நுழைய யன்னல் வைத்தார். மீராசா திரும்பி வந்த கிழமையே அந்த வீட்டைப் பூட்டினார். "பயந்த ஆளுக்கு என்ட புள்ளையத் தர ஏலா" என்றார்.

பயந்த ஆளா? தலைவர் அவர்களே, பயம் என்றால் என்ன என்று உங்களுக்கும் எனக்கும் தெரிந்த இடம் ஒன்று உண்டு. அங்கே போவோமா?

கடல் எழுந்து வந்து எங்களைக் கழுவிக்கொண்டு போன அந்த வருஷம், வயல்பக்கத்துப் பள்ளிக்கூட முற்றத்தில் கூடாரம் போட்டு அகதிகளாய்க் கிடந்தோம். முகாமுக்கு நீங்கள்தான் பொறுப்பு. யாரோ தந்த ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. பொழுது சாயும் மஃரிப் நேரம் அதை முடுக்குவார்கள். கொஞ்சம் ஓடும், வோல்டேஜ் ஆடும், சுவிட்ச் தானாக விழும், இருட்டாகும். பிள்ளைகள் இருட்டில் கடல் வருகிறது என்று அலறும். ஒரு பொழுது உங்களுக்குப் பொறுக்கவில்லை. "விழாம இழுத்துக் கட்டுங்கடா!" என்றீர்கள். எதால் கட்ட? எங்களிடம் கடல் விட்டுவைத்தது என்ன? ஒரு கட்டு நெசவு நூல்! "எங்கட நூல் அறாது, கட்டு!" என்று சொன்னவரும் நீங்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, என் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள்.

அந்த வெளிச்சம்! இன்றைக்கும் கனவில் வருகிறது. மின்குமிழ்கள் மூச்சு விட்டன. வெள்ளையாய்ப் பூத்தன, மஞ்சளாய் வாடின, மறுபடி பூத்தன. கூடாரங்களின் சீலையெல்லாம் பொன்னாய் மின்னி, சாம்பலாய் மங்கி, மறுபடி பொன்னாயின. கடலுக்கு அடியிலே ஓர் ஊர் இருந்து, அந்த ஊரில் திருவிழா நடப்பதுபோல் இருந்தது. அலறிய பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்தன. செத்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்து எங்களோடு இருப்பதுபோல், ஒரு நிமிஷம், எனக்குத் தோன்றியது.

பிறகு குமிழ் வெடித்தது. வயர் உருகிப் புகைந்தது. விழ வேண்டிய சுவிட்ச் விழவில்லை. நூல் அறவில்லை! ஊரின் பெருமையான நூல், உலகமெல்லாம் புகழும் நூல், அன்றைக்கு மட்டும் அறுந்திருக்கக் கூடாதா? கூடாரச் சீலையில் தீ ஏறியது. உள்ளே நின்ற பிள்ளைகளை இழுத்து வெளியே போட்டவள் என் தங்கை சுஹறா. ஒரு பிள்ளையும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். சுஹறாவின் வலக்கை விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இதோ, முன்வரிசையில் இருக்கிறாள். கையை மறைக்காதே சுஹறா. மறைக்க வேண்டியது நீ இல்லை.

அன்று உங்கள் சொல்லைக் கேட்டு அந்த நூலை எடுத்துக் கொடுத்தவன் யார் தெரியுமா? அப்போது கம்பஸில் படித்துக்கொண்டிருந்த மீராசா! தன் உம்மாவின் கை வெந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். அந்தக் குளிர்ந்த கடலோரம், மேலே இருந்தவர்கள் "பொறு, பொறு" என்றபோது அவன் கண்ணில் என்ன வந்தது? "உம்மாட கை வந்திச்சி பெரியும்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

இதற்குப் பெயர் பயமா?

இராசாத்தி தலையாட்டுகிறாள். அவளுக்குத் தெரியும். அவளும் அதே முகாமில் அதே வெளிச்சத்தைப் பார்த்தவள். போன வருஷம் சண்டை முடிந்தபோது மகனைத் தேடி முகாம் முகாமாய் அலைந்தவள். என் மக்களே! இந்த நாடு எத்தனை வருஷம் ஆடியது! ஏறியது, இறங்கியது, எரிந்தது. "நிறுத்துங்கள்" என்று சொன்னவனை இந்தப் பக்கமும் பயந்தவன் என்றது. அந்தப் பக்கமும் பயந்தவன் என்றது. எந்தக் கையும் நிறுத்த நீளவில்லை. நீளாத கைகளால் நாம் எத்தனை மையித்து, எத்தனை உடல் தூக்கினோம்? எத்தனை பேரைத் தூக்கக்கூடக் கிடைக்கவில்லை? ஓட்டுகிறவனுக்கு மாலை போட ஊர் உண்டு. நிறுத்துகிறவனுக்கு வாசல் திறக்க ஒரு வீடு வேண்டாமா?

என்ன தலைவரே? ஒலிவாங்கி வேண்டுமா? இந்தாருங்கள், சொல்லுங்கள், சபை கேட்கட்டும்.

"ராத்தா, விசாரண முடியட்டும். சரியெண்டு வந்தா நான் மாட்டனெண்டா செல்றன்?"

கேட்டீர்களா! விசாரணை முடிந்து சரியென்று வந்தால், பெண் கொடுக்கக் கல்முனை முழுக்க வரிசையில் நிற்கும். அப்போது நீங்கள் எதற்கு? முடியும் முன்னே கொடுக்க ஒரு மனிதன் வேண்டும். அதைத்தான் கேட்கிறேன். நானாகக் கேட்கவில்லை. காலையில் நதீரா என் வாசலுக்கு வந்தாள். "மாமி, நான் தனியக் கேட்டுப் பாத்துட்டன். நீங்க சனத்துக்கு முன்னால கேளுங்க" என்றாள். அதோ, திரைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பொய்யென்றால் அவளே சொல்லட்டும்.

"பொய்யில்ல வாப்பா. நான் ஓம் எண்டது ஓம்தான்."

சத்தம் போடாதீர்கள். கைதட்டாதீர்கள். கைதட்டி அவரை வெல்ல வேண்டாம். அவர் எழும்புகிறார். எங்கே போகிறார்? மேடையை விட்டு இறங்குகிறார். சுஹறாவின் முன்னால் நிற்கிறார். இத்தனை வருஷம் ஒரே தெருவில் இருந்தும் அவர் அந்தக் கையைப் பார்த்ததில்லை, இப்போது பார்க்கிறார். பேசாதீர்கள், அவர் ஏதோ சொல்கிறார்.

"நதீரா, வீட்டத் தொற மகள். யன்னலெல்லாம் தொற. மாப்புள்ளட உம்மாவக் கூட்டிப் போய்க் காட்டு."

அல்ஹம்துலில்லாஹ்! இப்போது தட்டுங்கள்!

தலைவர் அவர்களே, கலியாணச் சோற்றுக்கு வருவேன். வயிறு நிறையச் சாப்பிடுவேன். முகாமில் நீங்கள் செய்ததை மறப்பேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் வீட்டாரோடு ஒரே சஹனில், ஒரே தட்டைச் சுற்றி, உட்கார மாட்டேன். சுஹறா உட்காருவாள். அவள் என்னைப்போல் இல்லை.

பொறுமையாய்க் கேட்ட பெரியோரே, தாய்மாரே, பந்தலுக்கு வெளியே மணலில் இருந்து கேட்டவர்களே! இரண்டு சொல் என்று கூப்பிட்டு இத்தனை சொல்லைத் தாங்கியதற்கு நன்றி. கடல் கண் விழிக்கிறது, மஃரிபுக்கு நேரமாகிறது. உங்கள் வீடுகளில் அமைதி தங்கட்டும். வஸ்ஸலாம்.