இடம் பிடிக்க வந்த அப்பா

குசானோ: அய்யய்யோ, விரிப்பை இங்கேயே விரிக்காதீங்க! கதவு திறக்கணும், மாடியேறணும், பார்வையாளர் இடத்துக்குப் போகணும். அங்கதான் விரிக்கணும். இது வெறும் க்யூ.

மியாகே: மன்னிச்சுக்கங்க... எல்லாரும் தரையில உக்காந்திருக்காங்களேன்னு...

குசானோ: அவங்க கால் வலிச்சு உக்காந்திருக்காங்க. நீங்க புதுசா? எந்த க்ளப்?

மியாகே: ஷிராசகி நீச்சல் பள்ளி. இங்க குசானோன்னு ஒரு அம்மா க்யூவுல முதல் ஆளா இருப்பாங்க, இடம் பிடிக்கிற வித்தையெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி, கூடவே ஒட்டிக்கங்கன்னு சொல்லி அனுப்பினாங்க...

குசானோ: ஒட்டிக்கங்க. நான்தான் அது. நீங்க?

மியாகே: மியாகே. கோஹாருவோட அப்பா. நாலாவது படிக்கிறா. இன்னைக்குத்தான் அவளுக்கு முதல் போட்டி.

குசானோ: ஓ, முதல் போட்டியா! அப்ப அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டுங்க. தொப்பி, முகமூடி, ஓவர்கோட்டு... நீச்சல் பார்க்க வந்தீங்களா, பேங்க் கொள்ளையடிக்க வந்தீங்களா?

மியாகே: காலையில கொஞ்சம் குளிரா இருந்துச்சு...

குசானோ: ஜூலை மாசம்.

மியாகே: எனக்குக் குளிர்ச்சி உடம்பு.

குசானோ: மேல போனா எல்லாக் குளிர்ச்சியும் போயிடும். வெந்நீர்ப் பானைக்கு மூடி போட்ட மாதிரி இருக்கும் அங்க. என்னைப் பாருங்க, மெல்லிசா ஒரு சட்டை, கழுத்துக்கு ஈரத்துண்டு, கையில விசிறி. சரி, பையில என்ன? காட்டுங்க.

மியாகே: சோத்து உருண்டை... பார்லி டீ... தொலைநோக்கி...

குசானோ: தொலைநோக்கியா? ஐயா, நாம பிடிக்கப் போறது முன்வரிசை. நாலாவது நீச்சல் தடத்துக்கு நேர் மேல. பிள்ளை மூக்கை உறிஞ்சுறதுகூடத் தெரியும்.

மியாகே: முன்வரிசையெல்லாம் வேணாமே... எனக்குக் கடைசி வரிசை போதும்.

குசானோ: கடைசி வரிசைக்கா இந்நேரத்துக்கு எழுந்து வந்தீங்க?

மியாகே: எனக்குத் தூரத்துல இருந்தாதான் கண்ணு நல்லாத் தெரியும்.

குசானோ: அப்ப தொலைநோக்கி எதுக்கு?

மியாகே: அது... சும்மா பையில கிடந்துச்சு.

குசானோ: சரி, விடுங்க. பொண்ணு காலையில என்ன சாப்பிட்டா?

மியாகே: தெம்பா இருக்கட்டும்னு நானே கட்லெட் பொரிச்சேன். பன்றிக்கறி. ரெண்டு.

குசானோ: ரெண்டா! அவ நீந்தப் போறாளா, மூழ்கப் போறாளா?

மியாகே: அவ தொடலைங்க. வாழைப்பழம் போதும்னுட்டா. கட்லெட் ரெண்டையும் நான்தான்...

குசானோ: அதான் மூச்சு வாங்குதா! கதவு திறந்ததும் ஓடணும் நீங்க. நல்லாக் கேட்டுக்கங்க. நான் விரிப்பை உதறுவேன். அது கீழ விழறதுக்குள்ள நீங்க மூலையில டேப்பை ஒட்டணும். யார் என்ன சொன்னாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. முக்கியமா, நமக்குப் பின்னாடி ஒருத்தர் சுவத்துல சாஞ்சு தூங்குறாரே...

மியாகே: பாவம், வாயைத் திறந்துக்கிட்டு...

குசானோ: பாவமாவது! இசொகாய்னு பேரு. எதிர் க்ளப். கதவு கிரீச்சுன்னா போதும், மான் மாதிரி பாய்வார். இப்பத் தூங்குற மாதிரி நடிக்கிறார்.

இசொகாய்: நடிக்கல. நீங்க பேசுற சத்தத்துல தூக்கமே வரல.

குசானோ: பார்த்தீங்களா? ஒட்டுக் கேக்குறார். டேப்பைப் பையிலிருந்து எடுத்துக் கையில வெச்சுக்கங்க.

மியாகே: வெச்சுக்கிட்டேன். உங்க பையனும் இன்னைக்கு நீந்துறானாங்க?

குசானோ: ஷூஹெய். எட்டாவது. மல்லாந்து நீந்துவான். ரெண்டாவது டேப் எங்க?

மியாகே: உங்க பையில நீட்டிக்கிட்டிருக்கிற பெரிய மெகாபோன் அவனுக்காகவா?

குசானோ: அது... பழசு. பையில கிடக்குது. பேச்சை மாத்தாதீங்க! இடம் பிடிச்சாச்சுன்னா அடுத்த வேலை. உங்க பொண்ணு குதிக்கிற மேடைகிட்ட வந்து நிப்பா. முதல் போட்டின்னா எல்லாப் பிள்ளையும் ஒரு தடவை மேல பார்க்கும். அப்பா எங்க, அம்மா எங்கன்னு தேடும். அப்ப நீங்க கம்பிகிட்ட போய், கையை நல்லாத் தூக்கி...

மியாகே: வேணாம்!

குசானோ: ஏன் இப்படிப் பதறுறீங்க?

மியாகே: அவ என்னைப் பார்க்கக் கூடாது.

குசானோ: யாரு?

மியாகே: கோஹாரு.

குசானோ: ...தொப்பியைக் கழட்டுங்க.

மியாகே: குசானோம்மா...

குசானோ: கழட்டுங்க. ம். இப்பச் சொல்லுங்க.

மியாகே: போன மாசம் நீச்சல் பள்ளிக்குப் பார்க்கப் போயிருந்தேன். கண்ணாடிச் சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னேன். அவ தண்ணிக்குள்ள தலையை விட்டா... மூச்சை அடக்கினா... நானும் அடக்கினேன்.

குசானோ: நீங்க எதுக்கு?

மியாகே: தெரியல. தானா அடங்கிடுச்சு. அவ எழுந்துட்டா. உடனே மறுபடி உள்ள போனா. நான் மூச்சு விட மறந்துட்டேன்.

குசானோ: அப்புறம்?

மியாகே: கண்ணு முழிச்சா ஆம்புலன்ஸ்ல இருக்கேன்.

இசொகாய்: ஹ... ஹ...

குசானோ: தூங்குறவர் சிரிக்கக் கூடாது!

மியாகே: வகுப்பு முழுக்க ஈர உடம்போட வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்துச்சாம். அன்னைக்கே சொல்லிட்டா. "அப்பா போட்டிக்கு வந்தா நான் தண்ணியில இறங்கவே மாட்டேன்"னு. நான் ஆபீஸ் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்துட்டேன்.

குசானோ: பிள்ளைகிட்டப் பொய் சொல்லிட்டா வந்தீங்க?

மியாகே: ஆமா...

குசானோ: அப்ப வீட்டுக்குப் போங்க.

மியாகே: அப்படிச் சொல்லாதீங்க.

குசானோ: பின்ன? வேணாம்னு சொன்னா வேணாம்தான். உங்களைப் பார்த்துட்டு அவ மேடையிலிருந்து இறங்கி நடந்துட்டா? முதல் போட்டியே போச்சுன்னா அப்புறம் அவ தண்ணிப் பக்கமே வரமாட்டா. பெத்தவங்களுக்கு ஒரு அடக்கம் வேணும். கொடுங்க டேப்பை.

மியாகே: குசானோம்மா... அவளுக்குத் தண்ணின்னாலே பயம். சின்னதுல தலைக்கு ஊத்தினா வீடே இடியற மாதிரி அழுவா. நான்தான் உள்ளங்கையை அவ நெத்தியில அணை மாதிரி வெச்சுக்கிட்டு ஊத்துவேன். இன்னைக்கு அவ தானா குதிக்கப் போறா. யாரும் தள்ளாம... அதை நான் பார்க்காம எப்படிங்க ஆபீஸ்ல உக்காந்திருப்பேன்?

குசானோ: அதுக்கு நான் என்ன பண்ண?

மியாகே: எங்கயாவது ஒரு ஓரத்துல. ஒரே நிமிஷம். மூச்சு விட்டுக்கிட்டே பார்க்கிறேன். சத்தியமா.

குசானோ: முடியாதுன்னா முடியாது. முறைன்னு ஒண்ணு இருக்கு.

இசொகாய்: கூட்டிட்டுத்தான் போங்களேன். ஒல்லியாத்தானே இருக்கார். கோட்டைக் கழட்டிட்டா தூணுக்குப் பின்னாடி நிக்கலாம்.

குசானோ: நீங்க தூங்குங்க!

மியாகே: எந்தத் தூணு?

குசானோ: எதுவும் இல்ல. அவர் தூக்கத்துல உளர்றார்.

இசொகாய்: நானா? போன போட்டியில தூணுக்குப் பின்னாடி என் காலை மிதிச்சுக்கிட்டு நின்னது யாரு?

மியாகே: குசானோம்மா... நீங்களுமா?

குசானோ: ...மல்லாந்து நீந்துறவனுக்கு மேல பார்த்தா என்ன தெரியணும்? கூரை. என் பையனுக்கு நான் தெரிஞ்சேன்.

மியாகே: நீங்க...?

குசானோ: கம்பிக்கு மேல பாதி உடம்பு. கையில மெகாபோன். "ஷூஹெய், காலை அடி, காலை அடி!"ன்னு. பிள்ளை மிரண்டுபோய்க் கோணல்மாணலாப் போய்த் தடத்தைப் பிரிக்கிற கயித்துல இடிச்சுக்கிட்டான். கரையேறி வந்து சொன்னான். "அம்மா, நீ க்ளப்புக்கு இடம் பிடிச்சுக் குடு, வேணாம்னு சொல்லல. விரிப்பை விரிச்சதும் வீட்டுக்குப் போயிடணும்"னு.

மியாகே: போயிட்டீங்களா?

குசானோ: படிக்கட்டு வரைக்கும்.

மியாகே: அதான் எல்லாப் போட்டிக்கும் நீங்களே இடம் பிடிக்க வர்றீங்களா?

குசானோ: உள்ள வர வேற என்ன வழி? பேசாதீங்க, சாவி சத்தம் கேக்குது. உங்க பொண்ணு எந்தத் தடம்?

மியாகே: ஆறு.

குசானோ: தூணோரமாக் குனிஞ்சு, தலையை இடது பக்கம் சாய்ச்சா தெரியும். கோட்டைக் கழட்டுங்க. கண்ணாடி இருக்கட்டும், அழுதா தெரியாது.

மியாகே: அப்ப முன்வரிசை யாருக்குங்க?

குசானோ: நம்ம பைகளுக்கு! பெத்தவங்க பூரா தூணுக்குப் பின்னாடிதான் நிக்கிறோம். கதவு திறந்தாச்சு, ஓடுங்க, இடம் போயிடும்!