நாலு வயசுல தான் பேசினாராம்

காலை ரயிலின் பெண்கள் பெட்டி. எஞ்சின் கரித்தூள் விழுகிறதென்று ஜன்னல்களை இறக்கிவிட்டிருந்தோம். பட்டாபிராமில் இடுப்பில் குழந்தையோடு ஏறிய இளம்பெண், எதிரில் இருந்தவளிடம் தானாகவே சொன்னாள்:

“ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சிக்கா, இன்னும் அம்மான்னு கூட சொல்லல. ஆனா பயம் இல்ல. எங்க ஊட்டுக்காரரே நாலு வயசுல தான் பேசினாராம். மாமியா சொல்லிச்சி.”

எதிரில் இருந்தவளின் தோளில் அவள் மகள் சாய்ந்திருந்தாள். நன்றாக வளர்ந்த பெண். ஏறியதிலிருந்து வாயே திறக்கவில்லை.

“எங்க மாமியாவும் அதே தான் சொல்லிச்சி. அத நம்பி நான் டாக்டராண்ட கூட இட்டுகினு போவல. இப்போ இதுக்கு ஒம்பது வயசு. போன மாசம் சாவுறப்போ மாமியா என் கையப் புடிச்சிக்கினு அழுவுது. ‘உன் புருசன் பத்து மாசத்துலயே அம்மான்னு சொன்னான்டி. நீ அழுவக் கூடாதுன்னு தான் மாத்திச் சொன்னேன்’னுச்சி.”

வண்டி அம்பத்தூரை நெருங்கியது. நான் ஜன்னலை ஏற்றினேன். கரித்தூள் விழுந்தால் விழட்டும்.

மகளைப் பிடித்துக்கொண்டு இறங்க எழுந்தபோது பெரியவள் சொன்னாள்: “உங்க மாமியா நல்லா கீறப்பவே நெசமான்னு கேட்டுடும்மா.”

இளம்பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“கேக்க மாட்டேன்க்கா.”