ஆராய்ச்சி அலமாரியிலிருந்து மூன்று உறைகள்

பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்தாறு. தொழில், புற்றுநோய் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் செவிலியர். முகவரி, மருத்துவமனைக்குப் பின்தெரு, சலவைக்கடைக்கு மேல்மாடி. கணவர், இரண்டு மகள்களுடன் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். ஆராய்ச்சி அலமாரியிலிருந்து மூன்று உறைகளை அனுமதியின்றி எடுத்துச் சென்றதாக மருத்துவமனை கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது. எடுத்தது நான்தான். யாரும் தூண்டி எடுக்கவில்லை. ஏன் எடுத்தேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் சுருக்கச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

புது மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் எண்பத்துநான்கு நோயாளிகள் இருக்கிறார்கள். கட்டி சுருங்குகிறதா என்பதை ஸ்கேன் சொல்லிவிடும். மருந்து ஏறும் ஆள் எப்படி இருக்கிறார் என்பதை அவரே சொன்னால்தான் உண்டு. அதற்குத்தான் என் படிவம். தூக்கம், பசி, வலி, படியேறச் சிரமம், வீட்டாரிடம் எரிந்து விழுவது என்று முப்பது கேள்விகள். ஒன்று என்றால் இல்லவே இல்லை, நான்கு என்றால் மிக அதிகம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே நோயாளி இதை நிரப்பிவிட வேண்டும். நான் அதை உறையில் போட்டு ஒட்டி அலமாரியில் பூட்ட வேண்டும். ஆராய்ச்சி முடிந்த பிறகே எல்லா உறைகளையும் ஒன்றாகப் பிரிப்பார்கள். முன்பே டாக்டர் பார்த்துவிட்டால் ஒருவரை ஒரு மாதிரியும் இன்னொருவரை வேறு மாதிரியும் கவனித்துவிடுவார் என்பது காரணம். ஒன்பது வருடமாக இந்த விதியில் நான் பிசகியதில்லை. பிரிவில் என்னைப் பசை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

எண்பத்துநான்கு பேரில் ஒருவர் ஐம்பத்தெட்டு வயதுப் பேருந்து ஓட்டுநர். வைத்தியத்துக்கு நடுவிலேயே வேலைக்கும் போய்வந்தார். முதல் தடவை படிவத்தை அவரே நிரப்பினார். நீண்ட தூரம் நடக்கச் சிரமம் உண்டா என்ற கேள்வியைப் படித்துவிட்டு, "எனக்கெங்கம்மா தெரியும், உட்கார்ந்தே சம்பாதிச்சவன் நான்" என்றார். காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு மூன்றாம் மாதம் வந்தபோது பேனா இரண்டு முறை அவர் கையிலிருந்து நழுவியது. விரல் மரத்துப்போகிறது, நீங்களே வட்டம் போடுங்கள் என்றார். விதிப்படி அப்படிச் செய்யலாம். ஆகவே நான் கேள்வியை வாசிக்க, அவர் சொன்ன எண்ணை வட்டமிட்டேன். கைகால் மரத்துப்போகிறதா என்ற கேள்விக்கு மூன்று என்றார். நான்காம் மாதம் அதே கேள்விக்கு நான்கு. ஐந்தாம் மாதமும் நான்கு சொல்லிவிட்டு, "அஞ்சு கிடையாதாம்மா?" என்று கேட்டார். வாசலில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் உள்ளே வந்துவிட்டேன் என்றார். குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை.

அதன் பிறகு அவரை டாக்டர் அறைக்கு அழைத்துப் போனேன். எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்க, "நல்லா இருக்கேன் சார்" என்றார். டாக்டர் கெட்டவர் அல்ல. ஒரு காலைக்குள் நாற்பது பேரைப் பார்த்தாக வேண்டியவர். ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது, இருவருக்கும் சந்தோஷம். பக்கவிளைவு இல்லை என்று டாக்டர் தாளில் எழுதினார். நான் கதவருகே உறையுடன் நின்றிருந்தேன். ஒட்டிய பசை இன்னும் காயவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை பத்து மணியளவில், அவர் ஓட்டிய பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் நிழற்கூரையில் மோதியது. அங்கே நின்றிருந்த தையல்காரப் பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கால் பிரேக்கில்தான் இருக்கிறது என்று நினைத்தேன் என ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். டாக்டர் எழுதிய தாளை வைத்து, உடல்கோளாறை எல்லோரிடமும் மறைத்தார் என்று அவர் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த நிலையில் வண்டியை எடுத்தது தப்பென்றால் அதற்கு அவர் பதில் சொல்லட்டும். மறைத்தார் என்பது அப்பட்டமான பொய். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அதன் பிறகு டாக்டரிடம் போய், மரத்துப்போவதை அவர் சொன்ன அந்த மூன்று மாத உறைகளையும் பிரிக்கச் சொன்னேன்.

"எனக்கே அதிகாரம் இல்லம்மா. ஆராய்ச்சி முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்றார்.

"அதுக்குள்ள அவரை உள்ள தள்ளிடுவாங்க சார்."

"உங்க வேலை போயிடும். நல்லா யோசிச்சுக்குங்க."

வீட்டில் சொன்னபோது, ஊர் வம்பு நமக்கெதுக்கு என்றார் கணவர். பெரிய மகள், "அம்மா முடிவு பண்ணியாச்சுப்பா, நீங்க காபியைக் குடிங்க" என்றாள்.

அதன் பிறகு, விபத்தில் அடிபட்டு ஓட்டுநர் படுத்திருந்த வார்டுக்குப் போய் அவரிடம் சம்மதம் கேட்டேன். "கால் என்னோடது, பதிலும் என்னோடது. இதுக்கு யார்கிட்டம்மா கேக்கணும்? எடுத்துட்டு வாங்க" என்றார். அவர் மனைவி அதைத் தாளில் எழுத, கையெழுத்துப் போட விரல் ஒத்துழைக்காததால் அவர் கைநாட்டு வைத்தார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, என் பொறுப்பிலுள்ள சாவியால், பதிவறை எழுத்தர் பார்த்திருக்க அலமாரியைத் திறந்து, மூன்று உறைகளின் எண்களையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, ஒட்டியது ஒட்டியபடியே இந்தக் காவல் நிலையத்தில் கொண்டுவந்து கொடுத்தேன். பூட்டை உடைக்கவில்லை. மற்ற உறை எதையும் தொடவில்லை.

உள்ளே இருப்பது தெரிந்தும் அன்றே டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். விதி என்று சொல்லித் தப்பித்துவிடலாம், ஆனால் அது பாதிதான். ஐந்தாம் மாதம் கடைசி வட்டத்தைப் போட்டதும், டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "நீங்க எழுதுறதெல்லாம் டாக்டர் படிப்பாருல்ல?" என்று கேட்டார். வரிசையில் இன்னும் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது. "படிப்பார்" என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்ற நிம்மதியோடுதான் அவர் உள்ளே போனார்.

நான் சொன்ன அந்தச் சொல் எந்த உறையிலும் இல்லை. அறிந்தவர்கள் அவரும் நானும்தான். வழக்குப் போட்ட பிறகும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "இது உங்களுக்கே எதிரா திரும்பும்மா, அவசியம் எழுதணுமா?" என்று அதிகாரி கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ளது முழுவதும் உண்மை, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே சொன்னது. ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திட்டிருக்கிறேன். "படிப்பார்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)