பாதி உருளல் எனது, மீதி உருளல் அவரது

காற்றையும் கூட்டத்தையும் ஒருசேர அடக்க முடியாது என்று தெரிந்தும் துணிந்து நாற்காலி ஏற்றிருக்கும் தலைவர் அவர்களே! ‘ஸ்லோ ரோல்’ என்று போட்டால் யாருக்கும் புரியாது என்று அழைப்பிதழில் ‘மெல்லுருளல்’ என்று அச்சிட்டு, அதுவும் புரியாமல் போனதால் காலையிலிருந்து தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! விழுந்த விமானத்தைப் பொறுக்குவதற்கு முன்பே விழுந்த காரணத்தைச் சொல்லிவிடும் பெரியோர்களே! கட்டிய கணவனை இந்த மைதானத்துக்குத் தாரைவார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை இருந்ததையே மறந்துபோன தாய்மார்களே! பின்வரிசையில் டீயும் கையுமாக நின்றுகொண்டு, ‘சீக்கிரம் முடிம்மா, காத்து நல்லா இருக்கு’ என்று கண்ணாலேயே சொல்லும் அன்பு நண்பர்களே! உங்கள் அத்தனை பேருக்கும், உங்கள் தலைக்கு மேலே காத்திருக்கும் அந்த நீல வானத்துக்கும் என் வணக்கம்!

இன்னும் சற்று நேரத்தில் நம் ரிமோட் விமானச் சங்கத்தின் ஆண்டு விழாவில் முதல் விமானம் பறக்கப் போகிறது. ஒரேயொரு மெல்லுருளல். அதை ஓட்டப்போகிறவள் நான். ஓட்டுவதற்கு முன்னால் பேச வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஓட்டிய பிறகு பேசுவதற்கு விமானம் மிஞ்சாமல் போகலாம் என்ற முன்யோசனையாக இருக்கலாம்!

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரித்தவள்தான். ரிமோட்டைக் கையில் வாங்கும்வரை நானும் சிரித்தவள்தான்.

மெல்லுருளல் என்றால் என்ன? விமானம் நேராகப் போய்க்கொண்டிருக்கும். போகிற போக்கில் ஒருபக்கம் சாயும், தலைகீழாகும், மறுபக்கம் சாயும், நிமிரும். அவ்வளவுதானே என்பீர்கள். அவ்வளவேதான்! சட்டென்று உருட்டுவது எளிது, விழுவதற்கு விமானத்துக்கு நேரமே இருக்காது. மெல்ல உருட்டிப் பாருங்கள்! ஒவ்வொரு கணமும் அது விழப் பார்க்கும். ஒவ்வொரு கணமும் நீங்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் படுக்கும்போது வாலில் இருக்கும் சுக்கானால் மூக்கைத் தாங்க வேண்டும். தலைகீழாகும்போது, உயரம் இறங்கினால் எப்போதும் ரிமோட்டின் எந்தக் குச்சியை உங்கள் பக்கம் இழுப்பீர்களோ, அதே குச்சியை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். மனம் ‘இழு, இழு’ என்று அலறும். விரல் தள்ள வேண்டும். மறுபக்கம் படுக்கும்போது சுக்கானும் மறுபக்கம். ஆக, சாய், தாங்கு, தள்ளு, தாங்கு, நிமிர்! இந்த ஐந்து சொல்லைச் சொல்லிச் சொல்லித்தான் நான் எங்கள் சமையலறையில் துடைப்பத்தை உருட்டிப் பழகினேன். பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்கள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவள். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் என்னிடம் கற்றவர்கள். மீதிப் பேர், வண்டியை நிறுத்தியிருக்கும் அழகைப் பார்த்தாலே தெரிகிறது, வேறு எங்கோ கற்றவர்கள்! என் கணவரின் தொழிலும் தெரியும். லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு பெட்டி கீழே விழாமல் பார்ப்பதே வாழ்க்கை. விழாமல் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த மனிதர். அவர் கையால் செய்த சிவப்பு விமானம் ஒன்று உண்டு. மழைக்காலம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேஜையை அது பிடித்துக்கொண்டது; நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். அந்தச் செல்லப்பிள்ளையைத்தான், “நீயும் பழகு” என்று என்னிடம் கொடுத்தார். அன்புக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

சும்மா கொடுப்பாரா? கேபிளோடு கொடுத்தார்!

புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கற்பவர் கையில் ஒரு ரிமோட், கற்பிப்பவர் கையில் ஒரு ரிமோட்; இரண்டையும் ஒரு கேபிள் இணைத்திருக்கும். கற்பிப்பவர் ரிமோட்டில் ஒரு ஸ்விட்ச். அதை அவர் அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் கற்பவர் பேச்சைக் கேட்கும். விரலை எடுத்தாரோ, விமானம் அவர் கைக்குப் போய்விடும். விந்தையைக் கவனியுங்கள்! பிடித்தால் கொடுத்ததாக அர்த்தம். விட்டால் பிடுங்கியதாக அர்த்தம்.

வாராவாரம் வந்தேன். வாராவாரம் உருட்டினேன். ஆகா, என்ன உருளல்! எண்ணெய் ஊற்றியதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் கைதட்டினீர்கள். பெரியவர்கள் தலையாட்டினார்கள். செயலாளர் ஓடி வந்தார். “அம்மா, இந்த வருஷம் முதல் பறப்பு உங்களோடதுதான், மறுக்கக் கூடாது” என்றார். நான் மறுத்தேனா? மறுக்கிற ஆளா நான்? அழைப்பிதழ் அச்சானது. என் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. தலைகால் புரியாமல் திரிந்தேன். என்னிடம் கார் பழக வந்தவர்களிடம் கியரைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரத்தில் சுக்கானைப் பற்றிச் சொன்னேன்.

அப்போதுதான், பெரியோர்களே, எனக்கு ஒரு தும்மல் வந்தது.

சாதாரணத் தும்மல் இல்லை. அக்கம்பக்கத்துப் புறாவெல்லாம் எழுந்து பறந்த தும்மல்! விமானம் பக்கவாட்டில் சாய்ந்து, சரியாகத் தலைகீழாகும் நேரம். இரண்டு கையும் ரிமோட்டை விட்டு முகத்துக்குப் போய்விட்டன. ரிமோட் கழுத்துப் பட்டையில் தொங்குகிறது. குச்சிகளில் விரலே இல்லை. ‘போச்சு, சிவப்புப் பிள்ளை போச்சு’ என்று கண்ணைத் திறக்கிறேன். விமானம் என்ன செய்தது தெரியுமா? தலைகீழாகப் போனது. மறுபக்கம் சாய்ந்தது. பட்டுப்போல் நிமிர்ந்தது. எனக்குத்தான் தும்மல் வந்தது. என் விமானத்துக்கு வரவேயில்லை!

நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். வானத்தில் பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

“என்னங்க, இப்ப ஓட்டினது யாரு?”

“காத்து கொஞ்சம் தூக்கிக் குடுத்திருக்கும்.”

“காத்து தலைகீழா இருக்கிறதை நிமித்திக் குடுக்குமா?”

அவர் விமானத்தை இறக்கினார். கேபிளைச் சுருட்டினார். சுருட்டியதையே பிரித்து மறுபடியும் சுருட்டினார். வண்டியில் ஏறினோம். சிக்னலில் நின்றபோது நான்தான் கேட்டேன்.

“எப்ப இருந்து?”

“என்னது எப்ப இருந்து?”

“என் ரோலை எப்ப இருந்து நீங்க உருட்டிக்கிட்டு இருக்கீங்க?”

“முழுசா இல்லம்மா. தலைகீழா ஆகிற வரைக்கும் நீதான். அதுக்கப்புறம் எனக்கு மனசு தாங்கலை. விரல் தானா எந்திரிச்சிடுது.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்தான்.”

எப்படி இருந்திருக்கும் எனக்கு? கோபம் வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. நான் வாங்கிய கைதட்டலில் பாதி அவருடையது! என் விரல் ஒருநாள்கூடத் தலைகீழான விமானத்தைத் தொட்டதில்லை! அழைப்பிதழில் என் பெயர். ஆகாயத்தில் அவர் கை! அவர் சமாதானமாகத்தான் சொன்னார்.

“இப்ப என்ன? விழாவிலயும் கேபிளைப் போட்டே பண்ணிடலாம். யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்ங்க.”

என் தொழிலிலும் இரண்டாவது பிரேக் உண்டு, நண்பர்களே! பயிற்சிக் காரில் என் காலடியில் இருக்கும். தேவையென்றால் அழுத்துவேன். தயங்கவே மாட்டேன், எனக்கும் குடும்பம் இருக்கிறது! ஆனால் அழுத்திய மறுகணம் வாயைத் திறந்து சொல்லிவிடுவேன். ‘இப்ப பிரேக் போட்டது நான். நீங்க இல்லை.’ ஒவ்வொரு முறையும் சொல்வேன். ஏன்? சொல்லாவிட்டால், வண்டி தானாக நின்றது என்று அவர் நினைத்துக்கொள்வார். நாளை நான் பக்கத்தில் இல்லாத சாலையிலும் வண்டி தானாக நிற்கும் என்று நம்புவார். நிற்குமா? நிற்காது! அதனால்தான் சொல்கிறேன். அன்று வீட்டுக் கதவைத் திறந்தபடி அவரிடமும் இதையேதான் சொன்னேன்.

“காப்பாத்தினது தப்பே இல்லை. சொல்லாம காப்பாத்தினீங்க பாருங்க, அதுதாங்க தப்பு.”

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். லிஃப்டில் இருப்பவர்களிடம் அவர் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. பெட்டி விழாமல் இருந்தால் போதும், யார் பிடித்தார்கள் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அதே பழக்கத்தில் என்னையும் ஒரு பெட்டியில் ஏற்றிவிட்டிருக்கிறார், பாவம்.

அடுத்த ஞாயிறு. கேபிளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஒரே ரிமோட். என் கையில். அவர் எனக்குப் பின்னால். விமானம் ஏறியது. சாய்த்தேன், சாய்ந்தது. தாங்கினேன், தாங்கியது. தலைகீழானது. நான் ஒருநாளும் போகாத ஊருக்கு வந்துவிட்டேன்! வாய் ‘தள்ளு’ என்றது. துடைப்பம் சொல்லிக்கொடுத்ததும் ‘தள்ளு’தான். விரல் என்ன செய்தது?

இழுத்தது!

அதோ, அந்த முள்வேலிக்கு அந்தப் பக்கம், நெட்டுக்குத்தாக விழுந்தது. சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டதாம். யாரது, ஆமாம் என்பது? நீங்கள்தானே அன்று முதலில் ஓடிப் போனது! நன்றி. ஓடும்போதே காரணத்தையும் சொல்லிக்கொண்டு போனீர்கள், அதற்கும் நன்றி.

என் கணவர் ஓடவில்லை. மெதுவாக நடந்து போனார். மழைக்காலம் முழுக்கத் தேய்த்துத் தேய்த்துச் செய்த இறக்கை மூன்று துண்டாகக் கிடந்தது. குனிந்து வாலை எடுத்தார். மண்ணைத் தட்டினார். ‘அப்பவே சொன்னேன்ல’ என்பாரா? ‘கேபிள் இருந்திருந்தா’ என்பாரா? நான் எதற்கும் தயாராக நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

“தள்ளணும்மா. இழுத்துட்ட. வால் நல்லாத்தான் இருக்கு.”

அவ்வளவுதான். தாய்மார்களே, கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் எத்தனையோ நல்ல வார்த்தை பேசியிருக்கிறார். இதைப்போல ஒன்று பேசியதில்லை. ‘இழுத்துட்ட’ என்றார் பாருங்கள்! நீ செய்தாய் என்றார். நல்லதோ கெட்டதோ, அந்த விமானத்தை அன்றுதான் முதன்முதலாக நான் முழுசாக ஓட்டினேன். தரைக்குள் ஓட்டினேன், அது வேறு விஷயம்! அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவருக்கும் வந்தது, ஆனால் வாலைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

மறுபடியும் மேஜை பறிபோனது. மறுபடியும் தட்டு மடிக்கு வந்தது. இந்த முறை இறக்கையை நான் தேய்த்தேன், அவர் ஒட்டினார். பிறகு மைதானத்துக்கு வந்து முதலில் உருட்டவே இல்லை. வானத்தில் நல்ல உயரத்துக்குப் போய், விமானத்தைத் தலைகீழாகவே ஓட்டினேன். தலைகீழாகப் போவதும் வருவதும், தலைகீழாகத் திரும்புவதும்! விரல் மெல்ல மெல்ல அந்த ஊரிலும் வீடு கட்டிக்கொண்டது. அதன்பிறகே உருட்டினேன். முதலில் பட்டுப்போல் வரவில்லை, சாக்குப்போல் வந்தது. ஆனாலும் அது என் சாக்கு!

என்ன அங்கே சலசலப்பு? ஓ, என் கணவர் ஏதோ சொல்கிறார். ‘இப்ப நல்லா வருது’ என்கிறாராம். கேட்டுக்கொள்ளுங்கள், சாட்சி இருக்கிறது!

அன்பார்ந்தோரே, காப்பவர்களே, கற்பிப்பவர்களே, கட்டிய மனைவிக்கு ரிமோட் கொடுத்தவர்களே, கொடுக்கத் தயங்குபவர்களே! உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாம் நேசிப்பவர்கள் விழக் கூடாது என்று நினைப்பது குற்றமா? இல்லை! தாங்கிப் பிடிப்பது குற்றமா? இல்லவே இல்லை! ஆனால் தாங்கியதை ஒளித்தால், அவர்கள் கையிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது எது? விமானத்தை மட்டுமா? விழும் பயத்தை எடுத்துக்கொண்டோம், அதோடு சேர்த்து நிமிரும் திறத்தையும் அல்லவா எடுத்துக்கொண்டோம்! பிடியுங்கள், சொல்லிப் பிடியுங்கள். விடுங்கள், சொல்லி விடுங்கள். பிறகு ஒருநாள் கேபிளைச் சுருட்டி அலமாரியில் வையுங்கள்.

இதோ, அந்தக் கேபிள். என் கைப்பையிலேயே இருக்கிறது. தலைவர் அவர்களே, வாங்கிக்கொள்ளுங்கள். சங்கத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். புதிதாகப் பழக வருபவர்களுக்கு உதவும், நல்ல கேபிள். எங்களுக்கு இனி வேண்டாம்.

இப்போது மைதானத்துக்குப் போகிறேன். எல்லோரும் விமானத்தைப் பாருங்கள். யாராவது ஒருவர் மட்டும் என் கணவரின் கைகளைப் பாருங்கள். இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டுதான் நிற்பேன் என்று காலையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வலது கட்டைவிரல் உள்ளேயே துடிக்கும், எனக்குத் தெரியும். துடிக்கட்டும், அது அன்பு. வெளியே மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னங்க? இன்னும் என்ன சொல்றீங்க? கேட்டீர்களா? ‘இறக்கும்போது காத்து எந்தப் பக்கம்னு பாத்துக்க’ என்கிறார். கேபிள் போனாலும் வாய் போகவில்லை! பரவாயில்லை, சொல்லித்தானே செய்கிறார்.

இவ்வளவு நேரம் டீ ஆறியதையும் பொருட்படுத்தாமல் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. உருண்டு நிமிர்ந்தால் கைதட்டுங்கள். விழுந்தாலும், தாராளமாகக் கைதட்டுங்கள். தள்ளியதும் நானாகத்தான் இருக்கும், இழுத்ததும் நானாகத்தான் இருக்கும். இன்று வாங்கப்போகும் கைதட்டல் முழுக்க முழுக்க என்னுடையது. வணக்கம். அண்ணாந்து பாருங்கள்!